கணக்கில் வராத மீன்

1946 மார்ச்சில் டி வெட் வான் இங்கன் கபினி ஆற்றில் தூண்டில் போட்டு 120 பவுண்டு எடையுள்ள மஹசீர் ஒன்றைப் பிடித்தார். ஏறத்தாழ 54 கிலோ. விலங்குகளைப் பாடம் செய்வதில் பேர்பெற்ற மைசூர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அதற்கு முன்பு, 1919இல், ரிவெட் கார்னாக் என்ற ராணுவ அதிகாரி காவிரியில் பிடித்தது 119 பவுண்டு. தூண்டிலுக்கு அகப்பட்ட மஹசீர்களில் பெயர் சொல்லும்படியான பெரிய மீன்கள் பலவும் காவிரியிலிருந்தும் அதன் துணையாறுகளிலிருந்தும் வந்தவை. அவற்றின் எடை, பிடித்த நாள், இடம், பிடித்தவர் பெயர் எல்லாம் எழுதி வைக்கப்பட்டன, ஒன்றைத் தவிர. அந்த மீன் எந்த இனம் என்பது 2018 வரை அறிவியலுக்கே உறுதியாகத் தெரியாது. காவிரி மீனுக்காகக் கடந்த 150 ஆண்டுகளில் எழுதப்பட்ட விதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் அல்ல என்று தோன்றுகிறது. விதி செய்தவர்கள் அந்தந்தக் காலத்தில் எதைக் கணக்கெடுத்தார்களோ அதுதான் விதியின் கண்ணில் பட்டது. தடை கடுமையா தளர்வா என்பதைக் காட்டிலும், ஆற்றங்கரையில் நின்று யார் எதை எண்ணினார்கள் என்பதே மீனின் கதியை முடிவு செய்திருக்கிறது.

கதை சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். இந்தியத் தூண்டில்காரர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்த நூல் அது. மஹசீரை இங்கிலாந்தின் சால்மனுக்குச் சமமாக, ஏன் அதற்கும் மேலாகவே வைத்து எழுதியவர் தாமஸ். ஆனால் அவரை வெறும் பொழுதுபோக்குக்காரராக ஒதுக்கிவிட முடியாது. வாய்க்காலை அடைத்து, நீரை வடித்து, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளுவதும், நஞ்சு கலந்து ஒரு மடுவையே மொத்தமாகக் கொல்வதும் ஏழைகளின் உணவையே அழிக்கின்றன என்பதுதான் அவர் அரசிடம் வைத்த வாதம். அதே ஆண்டு, சென்னை மருத்துவப் பணியிலிருந்து வந்த மீனியலாளர் பிரான்சிஸ் டேயும் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றிய பெரிய அறிக்கையில் ஏறக்குறைய இதையே சொன்னார். அரசு தயங்கியது. குடியானவனின் மீன்பிடிப்பில் கைவைத்தால் அவன் வயிற்றில் அடித்ததாகாதா என்ற கேள்வி அதிகாரிகளிடையே இருந்தது. அது நியாயமான கேள்விதான். அந்தத் தயக்கத்தில் 24 ஆண்டுகள் ஓடின. இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் வந்தது.

அந்தச் சட்டம் மிகச் சுருக்கமானது. வெடிவைத்து மீன் பிடிப்பதும் நீரில் நஞ்சு கலப்பதும் குற்றம். தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வலையின் கண் அளவு, நிலையாக ஊன்றும் பொறிகள், தடுப்பணைகள், குறிப்பிட்ட நீர்நிலையை இரண்டு ஆண்டுகள் வரை மூடிவைப்பது ஆகியவை பற்றி மாகாண அரசுகள் விரும்பினால் விதி செய்துகொள்ளலாம். எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைச் சட்டம் பார்த்தது. எதைப் பிடிக்கிறார்கள், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்க்க அதில் வழியே இல்லை. ஆற்றங்கரையில் ஆள் நிறுத்தும் ஏற்பாடும் இல்லை. இதற்கு முன்பே நீலகிரியில் வேறொரு சோதனை நடந்திருந்தது. 1877இல் தோன்றிய வேட்டையாடிகள் சங்கமும், 1879இல் வந்த நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து உரிமச்சீட்டு, மூடுகாலம், காவலாள் என்ற முறையை மலையில் கொண்டுவந்தன. அங்கே விதி ஓரளவு உயிரோடு இருந்ததற்குக் காரணம் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் சுயநலம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உரிமக் கட்டணத்தில் காவலாளுக்குச் சம்பளம் கிடைத்தது. சமவெளியில் காவிரிக்கு வாய்த்ததோ காகிதம் மட்டும்.

விடுதலைக்குப் பின் காவிரி மஹசீர் ஏறக்குறைய மறக்கப்பட்டது. அணைகள் பெருகின, வெடிமருந்து மலிந்தது, பெரிய மீன் இனி இல்லை என்றே வெளியுலகம் நம்பியது. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த சில தூண்டில்காரர்கள் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினார்கள். சிவனசமுத்திரம் அருவிக்குக் கீழே, மேகதாது வரையிலான பாறைப் பள்ளத்தாக்கில் ராட்சத மீன்கள் இன்னும் இருந்தன. பெங்களூரில் இயங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, காளிபோரே, தொட்டமாகளி ஆகிய இடங்களில் முகாம் போட்டது. மழைக்காலத்து வெள்ளம் வடிந்து நீர் தெளியும் ஜனவரியிலிருந்து கோடை வரை பருவம். பரிசலில் போய்ப் பாறை இடுக்குகளுக்கும் சுழல்களுக்கும் நடுவே கேழ்வரகு மாவு உருண்டையையோ நண்டையோ கோத்துப் போடுவார்கள். மேலே அணையிலிருந்தும் மின்நிலையத்திலிருந்தும் எப்போது எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே நாளில் ஆறு ஏறும், இறங்கும்; அன்றைக்கு மீன் இரை எடுக்குமா இல்லையா என்பதும் அதைப் பொறுத்தது. விதி ஒன்றே ஒன்று: பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்துக்கொண்டு, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். நேற்றுவரை வலையும் வெடியும் வைத்துப் பிழைத்தவர்கள் பலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்கு வந்தார்கள். நீலகிரியில் நடந்தது நூறு ஆண்டுகள் கழித்துச் சமவெளியில் நடந்தது. இந்தத் தடவை உள்ளூர்க்காரருக்கும் அதில் பங்கு இருந்தது.

இந்த ஏற்பாடு பலன் தந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆதாரம் இருக்கிறது. இந்திய ஆறுகளில் அது அபூர்வம். காளிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பதிவேடுகளை ஆய்வாளர்கள் 2015இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு. பிடித்துத் திரும்ப விட்ட மஹசீர் 6,161. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மீன் என்ற விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது, சராசரி எடை இறங்கியிருந்தது. இளமீன்கள் நிறையப் பிழைத்து வளர்கின்றன, காவல் பலித்திருக்கிறது என்பது அதன் பொருள். அதே ஆய்வாளர்கள் அதே ஏட்டை மீன் வகை பிரித்துப் படித்தபோது வேறொரு செய்தி வெளியே வந்தது. பெருகியது நீலத் துடுப்பு மஹசீர். அது காவிரியின் பூர்வீக மீனே அல்ல. கர்னல் சைக்ஸ் 1839இல் புணே பக்கத்து ஆற்று மீனைக் கொண்டு விவரித்த இனம். லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் குஞ்சு பொரிப்பகம் 1970களிலிருந்து லட்சக்கணக்கில் வளர்த்துக் கொடுத்த குஞ்சுகள், மஹசீர் என்ற ஒரே பெயரில் பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. வான் இங்கன் பிடித்த கூன்முதுகு மஹசீரோ குறைந்துகொண்டே போனது. வந்ததெல்லாம் பெரிய கிழட்டு மீன்கள், குஞ்சு அருகிவிட்டது. மொத்த எண்ணிக்கை ஏறிய அந்த ஆண்டுகளிலேயே ஆற்றின் சொந்த மீன் அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

தூண்டில்காரர்கள் தங்கள் விளையாட்டுக்காக அயல் மீனை விட்டு ஊர் மீனை ஒழித்தார்கள், அவர்களுக்கு எதற்கு வக்காலத்து என்று இதை வைத்துக் கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் குஞ்சு விட்டதில் அரசுத் துறைகளுக்கும் பங்கு உண்டு. அன்று அதைப் பாதுகாப்பு என்றே எல்லோரும் நம்பினார்கள். இன்றும் எத்தனையோ ஆறுகளில் அமைச்சர்கள் குடம் குடமாகக் குஞ்சு ஊற்றிப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறோம், எந்த ஆற்று மீன் என்று யாரும் கேட்பதில்லை. அதைவிட முக்கியமாக, அந்தத் தவறு வெளிப்பட்டதே தூண்டில்காரர்களின் ஏட்டால்தான். அணைகள்தானே அசல் குற்றவாளி என்பது இன்னொரு மறுப்பு. அணைகள் செய்த கேடு சின்னது அல்ல. கிருஷ்ணராஜசாகர், 1934இல் மேட்டூர், பிறகு கபினி என்று ஆறு துண்டு துண்டாக வெட்டப்பட்டது. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மேட்டூருக்குப் பின் அருகியது ஊரறிந்த செய்தி. ஆனால் அணைகள் ஆட்டிவைத்த அதே நீரில்தான் நீலத் துடுப்பு மஹசீர் செழித்தது. ஒன்று வளர்ந்து மற்றொன்று தேய்ந்ததை அணையைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. கொக்கியில் மாட்டி இழுத்துத் திரும்ப விடுவது வதை இல்லையா என்ற கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. வதைதான். அந்த வதையையும் நிறுத்திவிட்டு வெடியையும் நிறுத்த முடிந்தால் அதுவே மேல். 2012க்குப் பிறகு நடந்தது அப்படி இல்லை.

காவிரிப் பள்ளத்தாக்கு 1987இல் வனவிலங்கு சரணாலயமானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிப்பதும் இரை வைத்து ஈர்ப்பதும்கூட வேட்டைக்குள் அடக்கம். பின்னால் வந்த திருத்தத்தால் மீனும் அந்தச் சட்டம் சொல்லும் விலங்குகளில் ஒன்றானது. பிடித்து விடுவதும் வேட்டையே என்ற முடிவில் 2012 வாக்கில் தூண்டில் முகாம்கள் நின்றுபோயின. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் முகாமோடு காவலரின் சம்பளமும் போனது, பதிவேடும் போனது. வெடி வைப்பவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1897இன் சட்டம் எதைத் தடுக்க எழுதப்பட்டதோ அதுவே மறுபடியும், யாரும் எண்ணாத நீரில். சரணாலயத்துக்கு வனக்காவலர்கள் இருக்கிறார்களே என்றால், அவர்கள் காப்பது யானையையும் மரத்தையும். ஒரு குறிப்பிட்ட மடுவில் இந்த ஆண்டு எத்தனை மீன், எந்த வகை, என்ன எடை என்று எழுதிவைப்பது அவர்கள் வேலை ஆகாது.

மிச்சமிருக்கும் பொறுப்பில் பாதி தமிழ்நாட்டின் கையில் இருக்கிறது. கூன்முதுகு மஹசீரின் இனத்தை 2018இல் உறுதிசெய்ய உதவியவை காவிரி வடிநிலத்து மாயாற்றில் கிடைத்த மீன்கள். அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றில் பிடித்த சிறு மீன்களை வைத்துக் கேரள ஆய்வாளர்கள் ஏற்கெனவே விவரித்திருந்த டோர் ரெமாதேவி என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. சென்னையில் பணிபுரிந்த மீனியலாளர் கே. ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய இனம் அது. அந்த ஆண்டே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. மாயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் வழியே ஓடுகிறது. அங்கே தூண்டில் விளையாட்டைத் திறந்துவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. வனத்துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து, ஆற்றை அறிந்த உள்ளூர் மீனவர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஆண்டுதோறும் குறிப்பிட்ட மடுக்களில் மீனை உயிரோடு பிடித்து, இனம் பிரித்து எழுதி, விட்டுவிடட்டும். காவிரி வடிநிலத்தில் எந்த இடத்திலும் வேற்று ஆற்று மஹசீர்க் குஞ்சை விடக் கூடாது என்று இரு மாநில அரசுகளும் ஆணை போடட்டும். இந்த இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. அதிகாரிகள் ஆணை பிறப்பித்தால் போதும்.