அயினி மரத்துப் பூவும் என் மண்தொட்டியும்

தென்காசி வீட்டில் நான் முதலில் வளர்த்த ஆர்க்கிட் இரண்டே மாதத்தில் செத்துப் போச்சு. ஃபாக்ஸ்டெயில் ஆர்க்கிட் என்பார்கள்: வெள்ளையில் ஊதாப் புள்ளி, நரிவால் போலத் தொங்கும் கொத்து, கிட்டே போனால் மெல்லிய வாசம். செம்மண், தொழுவுரம் கலந்து தொட்டியில் நட்டு, ரோஜாவுக்கு ஊற்றுவது போல தினமும் தண்ணீர் ஊற்றினேன். வேர் அழுகிவிட்டது.

பிறகுதான் பழைய புத்தகங்களைத் தேடினேன். (கிராஷ் ஆன பிறகு மேனுவல் படிப்பது எங்கள் தொழில் வழக்கம்.) மலபாரின் டச்சு கவர்னராக இருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிகூஸின் 12ஆம் தொகுதி 1693இல் வந்தது. அதில் இந்தச் செடிக்குப் பெயர் அஞ்சிலி மரவாழை. மலையாளத்து அஞ்சிலிதான் நம் அயினி. வளர்ப்புமுறை மொத்தமும் அந்தப் பெயரிலேயே இருக்கு: மரத்தில் கட்டு, மண் வேண்டாம்.

1753இல் லின்னேயஸ் அந்தப் பதிவைச் சுட்டி, எபிடென்ட்ரம் ரெட்டூசம் என்று பெயர் வைத்தார். எபிடென்ட்ரம் என்றாலும் மரத்தின் மேல் என்றுதான் பொருள். இன்றைய பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. முதல் பாதி பூவுக்குள் அலகு போல நீளும் உறுப்பைச் சொல்கிறது, அடுத்தது இலை நுனிக் குழிவைச் சொல்கிறது. மரம் காணாமல் போச்சு!

வெப்பநாட்டுச் செடி என்றாலே புழுக்கம் வேண்டும் என்று நினைத்த இங்கிலாந்துக்காரர்கள், 19ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிட்டுகளை ஆயிரக்கணக்கில் கண்ணாடி வீட்டில் பூட்டி அவித்தே கொன்றார்கள். ஜோசப் பேங்க்ஸ் போன்ற சிலர் மட்டும் குச்சிக்கூடையில் பாசி வைத்துக் காற்றோட்டமாகத் தொங்கவிட்டார்கள்.

நம் குற்றாலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1830களில் பாளையங்கோட்டையில் இருந்த ராபர்ட் வைட் இங்கே செடிகள் சேகரித்தார். பின்னாளில் 2,101 படங்களோடு வந்த அவருடைய ஐகோன்ஸ் நூலுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று பெயரிட்டார் வைட். பிறகு அதை டிராபிடியாவோடு சேர்த்துவிட்டார்கள். கோவிந்துவும் போனார்.

இப்போதைய செடி நர்சரியில் விதையிலிருந்து வளர்த்தது. மலையிலிருந்து பிய்த்து வந்து விற்பதை வாங்காதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம். தூசி மாதிரியான அந்த விதை காட்டில் முளைக்கத் தகுந்த பூஞ்சை துணை வேண்டும், போனது லேசில் திரும்பாது.

அயினிக் கட்டையில் தென்னை நாரால் கட்டி, கிழக்கு வராந்தாவில் தொங்குது. வேர் வெள்ளையாக இருந்தால் காய்ந்திருக்கு, பச்சையானால் குடித்துவிட்டது. ஆனி, ஆடியில் சாரல் விழும் நாட்களில் நான் குழாய்ப் பக்கமே போவதில்லை.