கோபுரம் மறைத்த சிற்றாலயம்: நார்ஃபோக் கிராமப் படங்களின் வரலாறு, 1812–1932

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நார்ஃபோக்கின் பழம்படங்களை ஒருசேர வைத்துப் பார்ப்பவருக்கு, அங்கே இங்கிலாந்துத் திருச்சபையைத் தவிர வேறு சபையே இருக்கவில்லை என்று தோன்றும். செப்புத்தகட்டு அச்சிலும் கல்லச்சிலும் திரும்பத் திரும்ப வருவது இடைக்காலத் தேவாலயக் கோபுரம்தான். ஆனால் 1851 மார்ச் 30ஆம் நாள் எடுக்கப்பட்ட வழிபாட்டுக் கணக்கெடுப்பு வேறொன்றைச் சொல்கிறது. அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழிபாட்டுக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் திருச்சபைக்கு வெளியே இருந்த சபைகளுக்குச் சென்றிருந்தனர். நார்ஃபோக்கின் பண்ணைக் கூலிகளிடையே பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபை ஆழமாக வேரூன்றியிருந்தது. அவர்களுடைய செங்கல் சிற்றாலயங்கள் ஓவியத்திலோ கலைப் புகைப்படத்திலோ இடம்பெற்றது அரிது. அரைப்பென்னி அஞ்சலட்டை வந்த பிறகே அவை படத்துக்குள் நுழைந்தன. இந்த மாற்றத்துக்குக் கலையார்வத்தைவிடப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஓவியர் ஜான் செல் காட்மன் 1812இல் கிரேட் யார்மத்துக்குக் குடிபெயர்ந்தார். அவரை அங்கே வரவழைத்துத் தம் மனைவிக்கும் மகள்களுக்கும் ஓவியம் கற்பிக்க வைத்தவர் டாசன் டர்னர் என்னும் வங்கியாளர். புளோம்ஃபீல்டின் நார்ஃபோக் வரலாற்று நூலை எடுத்து, அதன் பக்கங்களுக்கிடையே ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்துத் தம் சொந்தப் பிரதியை ஊதவைத்தவர் இவர். காட்மன் 1818இல் வெளியிட்ட நார்ஃபோக் கட்டடத் தொன்மைகள் பற்றிய தொகுப்பு, முன்பணம் கட்டிய சந்தாதாரர்களை நம்பியே வந்தது. ராபர்ட் லாட்புரூக் வரைந்து மகன் ஜான் பெர்னி கல்லச்சில் ஏற்றிய தொடரில் அறுநூறுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் உண்டு. இத்தகைய தொகுப்புகளை வாங்கக்கூடியவர்கள் நிலவுடைமையாளரும் பங்குக் குருக்களும் பழம்பொருள் ஆர்வலரும்தான். தம் ஊர்க் கோபுரம், தம் முன்னோர் கல்லறை, தம் குடும்பச் சின்னம் ஆகியவற்றையே அவர்கள் தேடினார்கள்.

சிற்றாலயங்கள் புதியவை, அழகற்றவை, தொன்மை தேடியவர் அவற்றை விட்டதில் வியப்பென்ன என்று கேட்கலாம். கேள்வியில் நியாயமுண்டு, பாதி நியாயம்தான். நாரிச் நகரின் ஓல்டு மீட்டிங் ஹவுஸ் 1693இல் எழுந்தது. காட்மனின் தொகுப்பு வந்தபோது அதற்கு வயது 125. தாமஸ் ஐவரி கட்டிய எண்கோணச் சிற்றாலயம் 1756இல் முடிந்தது. அதை அழகற்றது என்று எவரும் சொல்லமாட்டார். ஆக, வயதும் அழகும் மட்டும் அளவுகோலாக இருந்ததில்லை. எந்தச் சமயத்தின் கடந்தகாலம் கவுன்டியின் கடந்தகாலமாக எண்ணப்பட்டது என்பதே அளவுகோல்.

இதனால் தேவாலயப் படங்கள் ஆதாரமாக உதவாதவை என்று ஆகிவிடாது. கடலோர எக்கிள்ஸ் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். சார்லஸ் லயலின் நிலவியல் நூலில் அவ்வூர்க் கோபுரம் 1839இல் மணல்மேட்டில் பாதி புதைந்து நிற்கிறது. 1862ஆம் ஆண்டுப் படத்தில் மணல் விலகி, கடற்கரையில் தனித்து நிற்கிறது. 1895 ஜனவரிப் புயலில் விழுந்தது. கரை எப்படிப் பின்வாங்கியது என்பதை இந்த இரண்டு படங்களே காட்டிவிடுகின்றன. படத்தில் இருப்பதை நம்பலாம். அதில் இல்லாதது ஊரிலும் இல்லை என்று கொள்வதுதான் பிழை.

புகைப்படம் வந்ததும் இந்தப் பார்வை மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். பீட்டர் ஹென்றி எமர்சனும் ஓவியர் டி. எஃப். குடாலும் சேர்ந்து உருவாக்கிய நார்ஃபோக் நீர்நிலைகள் பற்றிய தொகுப்பில் 40 பிளாட்டினம் படங்கள் உள்ளன. நாணல் அறுப்போரும் சதுப்புநில உழைப்பாளரும் அல்லிப் பூ பறிப்போரும் அவற்றில் மென்வெளிச்சத்தில் அமைதியாக நிற்கிறார்கள். படங்கள் அழகானவை, ஐயமில்லை. ஆனால் தொகுப்பின் ஆண்டு 1886. 1884 சீர்திருத்தச் சட்டம் நாட்டுப்புற உழைப்பாளரில் பலருக்கு வாக்குரிமை தந்திருந்தது. மறு ஆண்டே பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் பிரசங்கியும் பண்ணைத் தொழிலாளர் தலைவருமான ஜோசப் ஆர்ச் வடமேற்கு நார்ஃபோக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மேடையேறிப் பேசவும் கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் தொழிலாளர் பலர் கற்றுக்கொண்ட இடம் சிற்றாலயம். எமர்சன் கூலியாளைப் படமெடுத்தார். அவனுடைய சபையையும் சங்கத்தையும் எடுக்கவில்லை.

1894இல் தனியார் பட அஞ்சலட்டைகளுக்கு அனுமதி கிடைத்தது. 1902இல் முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுதலாம் என்றானதால், மறுபக்கம் முழுதும் படத்துக்கே கிடைத்தது. 1918 வரை தபால் கட்டணம் அரைப்பென்னிதான். உள்ளூர்ப் புகைப்படக்காரருக்கு இப்போது வாங்குபவர் பங்குக் குரு அல்லர். படத்தில் நிற்பவரும் அவருடைய அத்தையும்தான். ஞாயிறுபள்ளி ஊர்வலத்தில் நாற்பது பிள்ளைகள் நின்றால் நாற்பது வீட்டில் அட்டை விற்கும். எனவே சிற்றாலய அடிக்கல் விழா, ஆண்டுவிழாத் தேநீர் விருந்து, கொடி பிடித்த ஊர்வலம் எல்லாம் படமாயின. 1914 ஏப்ரலில் பர்ஸ்டன் கிராமத்தில் ஹிக்டன் தம்பதியர் ஆசிரியப் பணியிலிருந்து நீக்கப்பட்டதும் பிள்ளைகள் பள்ளியைப் புறக்கணித்துப் பதாகைகளுடன் தெருவில் இறங்கினார்கள். ஊர்ப் பங்குக் குரு எதிரணியில் நின்ற அந்தப் போராட்டத்தின் படங்கள் எஞ்சியிருக்கின்றன. லாட்புரூக்கின் கல்லச்சில் இத்தகைய ஊரைக் காண வழியே இல்லை.

அஞ்சலட்டை வணிகச் சரக்கு, நிற்கவைத்து எடுத்தது, வண்ணம் பூசித் திருத்தியது என்பர். உண்மைதான். ஆனால் காட்மனின் தகடும் சந்தாவுக்கு விற்ற சரக்கே. வாங்குபவரின் விருப்பம் இரண்டையும் வளைத்தது. அந்த விருப்பத்தைத் தெரிந்துகொண்டால் வளைவையும் கணக்கிடலாம். நடைமுறையில் கவனிக்க வேண்டியது வேறு: அட்டையில் உள்ள தபால் முத்திரை அனுப்பிய நாளைத்தான் காட்டும், படம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையதாக இருக்கலாம். இதில் எச்சரிக்கை தேவை. ஏனெனில் 1932இல் மூன்று மெதடிஸ்ட் சபைகள் ஒன்றாக இணைந்தபின், ஒரே ஊரில் இரண்டு மூன்று சிற்றாலயங்கள் வேண்டாதவையாகி, பல விற்கப்பட்டு வீடாகவும் கிடங்காகவும் மாறின, சில இடிக்கப்பட்டன. கிழக்கு இங்கிலாந்தின் சிற்றாலயங்களைப் பற்றிய கிறிஸ்டோபர் ஸ்டெல்லின் அட்டவணை வந்ததோ 2002இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் மறைந்த கட்டடம் ஒன்றின் சன்னலும் வாசலும் எப்படி இருந்தன என்று அறிய, சில ஊர்களில் அந்த அட்டையை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.