ஏரிக்கு ஆறு பேர்

உத்திரமேரூர் என்றாலே, குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலையைத்தான் சொல்வார்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லும் கல்வெட்டுகளைத்தான் காட்டுகிறார்கள். காவாந்தண்டலத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடும் குடும்பத்தில் பிறந்த எனக்கு, அந்தக் கல்வெட்டுகளில் பெரிதாகப்படுவது ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியம்.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை அவை. ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது வார்டுகளிலிருந்து, ஓலை எடுத்து, அதில் 6 பேரை ஏரிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. ஏரிப் பொறுப்பில் இருப்பவனுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

அவர்கள் பொறுப்பில் இருந்தது வைரமேகத் தடாகம். பல்லவர் காலத்து ஏரி. வருஷா வருஷம் தூர் வாருவதற்கென்றே சபையிடம் பொன் கொடுத்து வைத்தவர்கள் உண்டு. இன்றைக்கும் செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டு வழியாகத்தான் உத்திரமேரூர் ஏரிக்குத் தண்ணீர் போகிறது.

மண் கரைக்கு ஏன் இத்தனை கவனம்? எலி வளை ஒன்று போதும், கரை போய்விடும். அடைமழையில் கரையின் வெளிப்புற அடியைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. உடனே மணல் மூட்டையோடு ஓட வேண்டும். மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக இறங்கினால் ஏரி பிழைக்கும். கரை மேலேயே ஏறி வழிந்தால் விடிவதற்குள் உடைப்புதான். மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளம் கீழ் ஏரியின் கரையில் போய் மோதும். ஆகவே ஓர் ஊரின் அலட்சியம் அந்த ஊரோடு நிற்காது.

கும்பினி ஆட்சியில், 1790களில் செங்கல்பட்டுச் சீமை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் அக்கறை காட்டினார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையோடு அவர் பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் 1858இல், கரை உடையும் ஆபத்து வந்தால் குடிகள் உழைப்புத் தர வேண்டும் என்று சென்னை மாகாணத்துக்குச் சட்டமே போட்டார்கள். குடிமராமத்து என்று ஊரார் தாமாகக் கூடைமண் சுமந்த வேலையைச் சட்டம் போட்டு வாங்கும் நிலைக்கு வந்தது பெரிய வீழ்ச்சி. தமிழ்நாடு அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயராவது திரும்பி வந்தது. தூர் வாரிய மண் எங்கே போனது, எத்தனை வண்டி போனது என்ற கணக்கும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபர் 2 கிராமசபைக்குப் போகிறவர்கள் இந்த வருஷம் ஏரிக் கணக்கைக் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கேளுங்கள்.