டெலவேர் ஆற்றில் ஒரு ஹைதர் அலி

சின்ன வயதில் நாங்கள் கூடத்தைக் கலைத்துப் போட்டு வைத்தால் பாட்டி, "இதென்ன ஹைதர் கலாபமா?" என்பார். யார் அந்த ஹைதர் என்று நாங்கள் கேட்டதில்லை. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஊர் என்றாலும் சுற்றி இருப்பதெல்லாம் தஞ்சாவூர்ச் சீமைதானே. அந்தச் சீமையின் பழைய குடும்பங்களில் இந்தச் சொல் புழங்கியது. 1781-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை காவிரிக்கரைக்குள் புகுந்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய், விளைச்சலைக் கொளுத்திய கதை அது.

பல வருஷம் கழித்து, அமெரிக்க விடுதலைப் போரின் பாட்டுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அதே பெயர் எதிரில் வந்தது. அதுவும் ஒரு வெற்றிப்பாட்டில்!

1782 ஏப்ரல் 8. டெலவேர் விரிகுடாவில் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் போன பென்சில்வேனியா மாகாணக் கப்பல் ஒன்று, தன்னைவிடப் பலமான 'ஜெனரல் மங்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்துவிட்டது. பிடித்த கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. சரக்குக் கப்பலாக இருந்ததில் 16 பீரங்கி ஏற்றிப் போர்க்கப்பலாக்கியிருந்தார்கள். கேப்டன் ஜோஷுவா பார்னிக்கு வயது 22. அவர் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. சுக்கான் பிடிப்பவனிடம், "நான் உரக்க என்ன கத்தினாலும் அதற்கு நேர்மாறாகத் திருப்பு" என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறார். எதிரிக் கப்பலின் காதில் விழும்படி கத்தினார். அவர்கள் அதை நம்பித் திருப்ப, இரண்டு கப்பலும் சிக்கிக்கொண்டன. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

இதைப் பாடியவர் பிலிப் ஃப்ரெனோ. 1780-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, நியூயார்க்கில் சிறைக்கப்பலில் கிடந்து செத்துப் பிழைத்தவர். ஆகவே அவருடைய கோபம் இரவல் கோபம் இல்லை. பார்னிக்கு ஆள் சேர்க்க ஒரு பாட்டு, வெற்றிக்குப் பிறகு இன்னொன்று. முதல் பாட்டில் கப்பலின் பெயருக்கு விளக்கமும் சொல்கிறார்: சுதந்திர வேட்கை கொண்ட கீழ்த்திசை மன்னன், ஆங்கிலேயரைத் தலைகுனிய வைத்தவன், தன் நாட்டுக்கு நேர்ந்த அநியாயத்துக்குப் பழி தீர்ப்பவன் என்கிற பொருளில்.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கம் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதரிடம் அழிந்த செய்தி கடல் கடந்து போயிருக்கிறது. எதிரிக்கு எதிரி நண்பன். அதோடு, இரண்டு பேருக்கும் பிரெஞ்சுக்காரர் கூட்டாளி.

இதைப் படித்ததும் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் பாட்டியின் குரல் ஞாபகம் வந்தது. அந்தக் கப்பல் டெலவேரில் ஜெயிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, கும்பகோணத்துக்குப் பக்கம் கொள்ளிடக்கரையில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு வளைத்துப் பிடித்தார். அதுவும் பெரிய வெற்றிதான். ஆனால் அந்த நாட்களில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு ஏமாந்திருந்த குடியானவர்கள், நெல் கொண்டுவர மாடு தர மறுத்தார்கள். கூலிக்கு நான் பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் பாதிரியார் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. பிலடெல்பியாவில் உட்கார்ந்திருந்த கவிஞருக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால்தான் பாட்டில் சேர்த்திருப்பாரா!

பாட்டியையும் ஒன்று கேட்டிருக்கலாம். 1773-ல் ஆற்காட்டு நவாபு ஆங்கிலேயர் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்து மூன்று வருஷம் வரி கறந்தாரே, அதற்கு எங்கள் வீட்டில் ஏன் ஒரு சொல் இல்லை? குதிரையில் வந்தவன் நினைவில் நின்றான். கணக்குப் பிள்ளையோடு வந்தவன் நிற்கவில்லை.

1782 ஜூலை 6-ம் தேதி, இங்கிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, நாகப்பட்டினம் கடலில் சுஃப்ரேனும் ஹியூஸும் மோதினார்கள். அதுவும் அமெரிக்கப் போரின் ஒரு கிளைதான். அன்று காரைக்கால் ஆங்கிலேயர் கையில். பிரான்ஸ் அமெரிக்காவோடு சேர்ந்ததற்காக 1778-லேயே பறித்துக்கொண்டிருந்தார்கள். ஹைதர் அந்த வருஷ டிசம்பரில் சித்தூர்ப் பக்கம் பாசறையில் இறந்தார். 1783 சமாதான உடன்படிக்கையில் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தரச் சொல்லி, கூடவே அடுத்துள்ள நாலு மாகாணங்களையும் எழுதினார்கள். மாகாணம் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். சில கிராமங்கள் சேர்ந்தது ஒரு மாகாணம், அவ்வளவுதான்.