லிங்க் வழியா வித்தா கமிஷன்... அஃபிலியேட் மார்க்கெட்டிங்குக்கு கம்பெனிகள் பட்ஜெட் போடுவது எப்படி?

"டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் இருக்கு, அதுல வாங்குங்க." யூடியூப் பார்ப்பவர்கள் தினமும் கேட்கும் வரி இது. அந்த லிங்க் வழியாகப் பொருள் விற்றால், லிங்க் போட்டவருக்கு கம்பெனி கமிஷன் தரும். இதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது.

வித்தாதானே காசு, இதுக்கு எதுக்கு பட்ஜெட் என்று சிறு தொழில் செய்யும் பலர் நினைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடலூர் மாவட்டம் பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விருத்தாசலம், பீங்கான் அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் பெயர் போன ஊர். இந்தப் பகுதியில் ஒரு சின்ன யூனிட், கொலு பொம்மை செட்டை ஆன்லைனில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

ஒரு செட்டில் என்ன மிச்சம்?

விலை, ஜிஎஸ்டி நீங்கலாக 600 ரூபாய். தயாரிப்புச் செலவு 280, பேக்கிங் 50, கூரியர் 80, பேமென்ட் கட்டணம் 12. பீங்கான் என்பதால் வழியில் உடைவதற்கு 30. மொத்தம் 452. மிச்சம் 148 ரூபாய்.

இந்த 148-ல் இருந்துதான் கமிஷன் போக வேண்டும். 10% என்றால் 60 ரூபாய். அஃபிலியேட் ஆட்களைப் பிடித்துத் தரும் நெட்வொர்க்கும் தன் பங்கைக் கேட்கும். கமிஷனில் 30% என்றால் 18 ரூபாய். இப்போது மிச்சம் 70.

இதோடு 10% தள்ளுபடி கூப்பனும் கொடுத்தால்? இன்னொரு 60 போச்சு. கையில் நிற்பது ஏறக்குறைய 10 ரூபாய். விற்பனை அமோகமா இருக்கும், கல்லா காலியா இருக்கும்! அதனால் விவரமான கம்பெனிகள் கமிஷன், கூப்பன், நெட்வொர்க் பங்கு மூன்றையும் ஒரே தலைப்பில் சேர்த்து, ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கின்றன.

மொத்தத் தொகைக்கு வரம்பு வைப்பது வேறு விஷயம். 60,000 ரூபாய்தான் பட்ஜெட் என்றால், 1,000 செட் விற்றதுமே பணம் தீர்ந்துவிடும். நவராத்திரி நேரத்தில் லிங்க்கை நிறுத்தினால், அடுத்த வருஷம் யாரும் உங்கள் பொருளைப் பற்றி வீடியோ போட மாட்டார்கள்.

தானா வந்த கஸ்டமருக்கும் கமிஷனா?

பலரும் கவனிக்காத ஓட்டை இது. ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவர், கடைசி நிமிடத்தில் கூப்பன் தேடி ஒரு லிங்க்கைத் தட்டுவார். கடைசி க்ளிக் யாருடையதோ அவருக்கே கமிஷன் என்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. 1,000 விற்பனையில் 300 பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்றால், 60,000 ரூபாய் வாங்கித் தந்தது 700 விற்பனைதான். அதாவது ஒன்றுக்கு 60 இல்லை, கிட்டத்தட்ட 86 ரூபாய். புது கஸ்டமருக்கு ஒரு ரேட், பழைய கஸ்டமருக்குக் குறைந்த ரேட் என்று பிரிப்பது இதனால்தான்.

மோசடியும் உண்டு. ஈபே நிறுவனத்தின் முன்னணி அஃபிலியேட் ஒருவர், லிங்க்கை யாரும் தட்டாமலேயே தட்டியதுபோல் பதிவாகும்படி செய்து கமிஷன் வாங்கினார். 2014-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 மாதம் சிறைத் தண்டனை விதித்தது.

பணம் எப்போது, வரி எவ்வளவு?

ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகே கமிஷன் கொடுப்பது வழக்கம். உடைந்து திரும்பி வந்த பொம்மைக்குக் கமிஷன் கிடையாது. நவராத்திரி விற்பனைக்கான பணம் கார்த்திகை தீபம் சமயத்தில்தான் வெளியே போகும். அதே நேரம் அகல் விளக்குக்கு மூலப்பொருள், கூலி என்று செலவு நெருக்கும். அதனால் ஆர்டர் வந்த அன்றே அந்த 60 ரூபாயைத் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் போனால் 2% டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் இது 5% ஆக இருந்தது. தனிநபர் நடத்தும் தொழிலில் முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டவில்லை என்றால் பிடிக்கத் தேவையில்லை. டிடிஎஸ், அஃபிலியேட்டின் பணத்தில் இருந்து போவது. ஆனால் அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் கமிஷனுக்கு மேல் 18% சேர்த்து பில் போடுவார். வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவரால் அந்த 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. 60 ரூபாய் கமிஷன் அவருக்கு 70 ரூபாய் 80 காசு.