ஒரே கடல், ஒரே அட்டை, ரெண்டு சட்டம்

பேராவூரணின்னு சொன்னா பலருக்கும் தென்னந்தோப்புதான் ஞாபகம் வரும். ஆனா எங்க ஊர்ல இருந்து கிழக்கே பஸ் ஏறினா சீக்கிரமே சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் வந்துடும். தஞ்சாவூர் மாவட்டம் பாக் நீரிணையைத் தொடுற கரை அது. அந்தக் கடலடியில் வாழ்ற கடல் அட்டையோட வரலாறுதான் இந்த எபிசோடு.

பேரைக் கேட்டு பயப்படாதீங்க. ரத்தம் குடிக்கிற அட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது நட்சத்திர மீனோட சொந்தக்காரன். கடலடி மணலை விழுங்கி, அதிலிருக்கிற மட்கிய கழிவைச் செரிச்சு, மிச்ச மணலை வெளியே தள்ளும். வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலுக்கு அட்டை அப்படி.

நம்ம ஊர்ல இதை யாரும் சாப்பிடறதில்லை. வாங்கினது சீனச் சந்தை. அங்க இதுக்குப் பேரே 'கடல் ஜின்செங்'. குடலை எடுத்து, வேகவச்சு, மணல்ல புதைச்சு, மேல்தோலைத் தேய்ச்சு எடுத்து, மறுபடி வேகவச்சு, வெயில்ல காயவைப்பாங்க. மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1917லேயே இந்தத் தொழிலைப் பத்தித் தனியா எழுதியிருக்கார்.

சிக்கல் என்னன்னா, அட்டைக்கு ஓடத் தெரியாது. குனிஞ்சு எடுத்தா கைக்கு வந்துடும். இனப்பெருக்கமும் தண்ணியிலதான்: ஆணும் பெண்ணும் கிட்டக்கிட்ட இருந்து, ஒரே நேரத்தில் விந்தையும் முட்டையையும் விடணும். பாதியை அள்ளிட்டா, மிச்சம் இருக்கிறதும் தூரத்தூரமாப் போய் குஞ்சு பொரிக்காது.

அரசு இதைப் படிப்படியாத்தான் கவனிச்சது. 1982ல் 75 மில்லிமீட்டருக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை. 1988ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட தூத்துக்குடி மையம், வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது. அதுக்குப் பிறகு 2001ல் எல்லா வகைக் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குப் போனது. அதாவது, சட்டத்துக்கு முன்னாடி புலியும் அட்டையும் ஒண்ணு. குளிச்சு எடுத்தவர், வேகவச்சவர், வாங்கி வித்தவர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிழைப்பு போச்சு. தடையை நீக்கணும்னு ராமநாதபுரம் மீனவர்கள் தொடர்ந்து கேட்டுட்டு இருக்காங்க.

இப்போ எதிர்க்கரைக்குப் போவோம். இலங்கையில் உரிமம் இருந்தா அட்டை பிடிக்கலாம், ஏற்றுமதியும் பண்ணலாம். யாழ்ப்பாணக் கரையில் பண்ணையே இருக்கு. 1974ல் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு நீரிணையில் எல்லைக்கோடு வரைஞ்சாங்க. அந்தக் கோடு அட்டைக்கும் தெரியாது, கடத்துறவங்களுக்கும் கவலையில்லை. இங்க திருட்டுத்தனமா எடுத்தது ராத்திரிப் படகில் கோட்டைத் தாண்டி, அங்க சட்டப்படி எடுத்த சரக்கோட கலந்துட்டா, காய்ஞ்ச அட்டையைப் பார்த்து எந்தக் கரையோடதுன்னு யார் சொல்ல முடியும்?

எங்க துறை பாஷையில சொன்னா, இது ரெண்டு டேட்டாபேஸ் ஒண்ணுக்கொண்ணு சிங்க் ஆகாத பிரச்சனை. இந்தப் பக்கம் வனத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடலோரக் காவல்படை, சுங்கத்துறைன்னு எல்லாரும் பிடிக்கிறாங்க. ஆனா பிடிபட்டது எந்த வலைப்பின்னலோட சரக்குன்னு தெரியணும்னா, அந்தப் பக்கத்து உரிமப் பதிவும் ஏற்றுமதிக் கணக்கும் வேணும். தனியா ஒரு துறையால அது முடியாது.

உலக அளவில் இதுக்கு ஒரு வழி இருக்கு, சைட்டீஸ் ஒப்பந்தம். அதோட இரண்டாம் பட்டியலில் சேர்ந்த உயிரினத்தை ஏற்றுமதி பண்ணலாம். ஆனா ரெண்டு கேள்விக்கு அந்த நாடு பதில் சொல்லணும்: இந்த விற்பனையால இனம் அழியாதா? இது சட்டப்படி எடுத்ததா? முதல் கேள்வி அறிவியல் அமைப்புக்கு, இரண்டாவது நிர்வாக அமைப்புக்கு. 2019ல் மூணு அட்டை இனங்களும், 2022ல் இன்னொரு பேரினமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. நம்ம வெள்ளை அட்டை அந்த ரெண்டு முறையும் சேரலை.

2020ல் லட்சத்தீவில் கடல் அட்டைக்குன்னே ஒரு பாதுகாப்பகம் வந்தது. 2022 செப்டம்பரில் நம்ம தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் ஆச்சு. கடற்பசு மேயற கடற்புல் படுகையோட மண்ணைக் கிளறித் தர்றதும் இந்த அட்டைதான்.

என் கருத்தைச் சொல்லிடறேன். தடையை இன்னைக்கே எடுத்துட்டா, அஞ்சு வருஷத்தில் கடல் காலியாயிடும்னு நினைக்கிறேன். ஆனா தடை மட்டும் போட்டு வச்சா, லாபம் கடத்தல்காரருக்கும் வழக்கு மீனவருக்கும் போகும். பொரிப்பக அறிவு தூத்துக்குடியில் இருக்கு, பண்ணை அனுபவம் யாழ்ப்பாணத்தில் இருக்கு. ரெண்டு கரையும் சேர்ந்து அட்டையை எண்ணி, கணக்கைப் பகிர்ந்து, பண்ணையில் வளர்த்ததுக்கு மட்டும் சீட்டு கொடுக்கிற நாள் வந்தா, மல்லிப்பட்டினத்து மீனவரும் நேர்வழியில் சம்பாதிக்கலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.