வலையை விரித்தது யார்?

பழைய தமிழ்க் கதைகளில் தாசிக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: ஆணை மயக்குவது, அவன் சொத்தைக் கரைப்பது. விறலிவிடு தூது நூல்களில் இந்தக் கதை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். மனைவியோடு பிணங்கி வெளியூர் போகிறவன் ஒரு தாசியிடம் சிக்குகிறான். தாய்க்கிழவி மகளுக்குப் பணம் பறிக்கும் வித்தைகளைக் கற்றுத் தருகிறாள். கைப்பொருள் தீர்ந்ததும் அவனை வெளியே தள்ளுகிறார்கள். அவன் விறலியை மனைவியிடம் தூது அனுப்புகிறான். மனைவிக்கு எஞ்சியிருப்பது மன்னிக்கும் வேலை மட்டுமே.

1936-ல் வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் நாவலும் மேலோட்டமாகப் பார்த்தால் இதே கதைதான். ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற தலைப்பே பழைய குற்றச்சாட்டைச் சொல்கிறது. காந்தா, கானவதி என்று இரண்டு தாசிகள், அவர்களிடம் சிக்கும் பணக்கார மைனர் சோமசேகரன், அவன் மனைவி ஞானசுந்தரி. வாசகருக்குப் பழகிய ஆட்கள். ஆனால் இந்தக் கதையை எழுதியவர் ஆண் புலவர் இல்லை. தேவதாசி மரபில் பிறந்து, அதை விட்டு வெளியேறித் திருமணம் செய்துகொண்டு, காங்கிரஸிலும் பின்னர் சுயமரியாதை இயக்கத்திலும் மேடையேறிப் பேசிய பெண். தாசியின் தந்திரம் பிறவிக் குணம் இல்லை, சொல்லிக் கொடுக்கப்பட்ட தொழில் என்பதை அவர் உள்ளிருந்து காட்டுகிறார். அந்தத் தொழிலுக்குக் கோயில் புனிதம் தருகிறது, மைனர் பணம் தருகிறான். கதை மனைவியின் மன்னிப்போடு முடிந்துவிடுவதும் இல்லை. தேவதாசி முறையை ஒழிக்கப் பெண்கள் பேசும் மாநாடு வரை போகிறது.

அந்த மாநாட்டுக் குரல் வெளியே நடந்த அரசியலிலிருந்து வந்தது. 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் வந்த சட்டத்திருத்தம் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது. நாவல் இந்த இடைவெளியில் பிறந்தது. அதன் உரையாடல்கள் பல இடங்களில் மேடைப் பேச்சாக நீள்வதற்கு இதுவே காரணம். சட்டமன்றத்துக்குள் இடம் கிடைக்காத ஒரு பெண், கதைக்குள் தன் மன்றத்தைக் கூட்டினார் என்றே நான் அதை வாசிக்கிறேன்.

அடுத்த பத்தாண்டுக்குள் இன்னொரு கதை லட்சக்கணக்கான மனங்களைப் பிடித்தது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. அதன் முடிவில், காதலில் தோற்ற ஆடல்மகள் சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியில் இறைவனையே கணவனாக ஏற்கிறாள். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வாசலில் நின்ற காலத்தில், தமிழ் வாசகர்கள் ஒரு பொட்டுக்கட்டுக்குக் கண்ணீர் விட்டார்கள். இங்கே மோசவலை இல்லை, மைனர் இல்லை, மானிய நிலம் இல்லை. தியாகமும் தூய கலையும் மட்டுமே. கல்கியும் பழைய அச்சை உடைத்தார். ஆனால் மோசக்காரியைத் தெய்வமகளாக்கினார்.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, அதிக தூரமில்லாத திருத்தணியில் அதே காலத்தில் உண்மையில் ஒரு பெண் இருந்தார். பி. ரங்கநாயகி சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசி. வள்ளியைக் காதலித்து முருகன் மணந்த தலம் என்று சொல்லப்படும் மலையில், அதே முருகனுக்குச் சிறுமிகளை மணம் செய்துவைக்கும்போது அவர்களின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. திருத்தணி அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திராவுக்குப் போய், எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. ஆகவே 1947-ன் சென்னைச் சட்டம் ரங்கநாயகியையும் கட்டுப்படுத்தியது. கோயிலில் பெண் ஆடுவதை அது சட்டவிரோதமாக்கியது. கும்ப ஆரத்தியோடு ஆடினாலும் இல்லாமல் ஆடினாலும் குற்றம் என்று பெயர் சொல்லியே தடுத்தது. தெய்வத்துக்குக் கண்ணேறு கழிக்கும் அந்தக் குடவிளக்கு ஆரத்தி தேவதாசிகளின் முக்கியப் பணி.

நெதர்லாந்து ஆய்வாளர் சஸ்கியா கெர்சன்பூம் ரங்கநாயகியிடம் கற்றுப் பதிவுசெய்தவை, 1987-ல் ‘நித்யசுமங்கலி’ என்ற அவரது நூலுக்கு ஆதாரமாயின. கணவன் தெய்வம் என்பதால் தேவதாசி ஒருபோதும் விதவையாவதில்லை. அதுதான் தலைப்பின் பொருள். கைம்பெண்ணுக்குத் தலைமழித்த சமூகத்தில் அவள் மங்கலப் பெண். மற்றப் பெண்களுக்குச் சொத்துரிமை மறுக்கப்பட்ட காலத்தில் அவளது வீட்டில் சொத்து தாய்வழியில் இறங்கியது. அவள் பெண்குழந்தையைத் தத்தெடுக்கலாம். இசையும் நடனமும் கற்றாள். அதே வீட்டில் ஒரு சிறுமியின் உடல் அவளைக் கேட்காமலேயே ஒப்படைக்கவும் பட்டது. இவற்றில் எதை மறைத்தாலும் அவளைப் பற்றிய பாதிதான் மிஞ்சும்.

சீர்திருத்தத்தின் கணக்கும் நேரானதில்லை. அந்தச் சமூகத்தின் ஆண்களே இதில் அதிகப் பலன் பெற்றார்கள் என்று சமூகவியலாளர் அம்ரித் சீனிவாசன் 1985-ல் எழுதினார். நடனம் பரதநாட்டியமாகச் சபா மேடையேறியது. அதை ஆடிவந்த பெண்களில் பலர் பூர்வீகத்தையே மறைத்து வாழ வேண்டியதாயிற்று. இராமாமிர்தம் அம்மையாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வலைக்குள் பிறந்தவருக்கு அதை அறுப்பதுதான் முதல் அவசரம். வெளியே வந்த பெண் எந்த வீட்டில் குடியிருப்பாள், எதை விற்று அரிசி வாங்குவாள் என்ற கேள்வி அவர் ஒருவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் செய்த அரசும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

1989-ல் தமிழக அரசு ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2022-ல் அது கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. தாலியிலிருந்து படிப்புக்கு நகர்ந்த இந்த மாற்றத்தை அவர் ரசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பணத்தைப் பெறும் மாணவிகள் இரண்டு நாவல்களையும் ரங்கநாயகியின் வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு கதை தாசியை மோசக்காரி என்றாலும், தெய்வமகள் என்றாலும், அவளுக்கு விதிக்கப்பட்ட வேலைக்கு யார் கூலி கொடுத்தார்கள், அது நின்றபோது அவள் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்டுப் படிக்க வேண்டும்.